இரட்டைக் கதவு

செந்தூலில் மழை சாய்த்த அங்சானா அது.
ஒரு மைவியின் முதுகில் விழுந்து
ஈப்போ சாலைவரை மாலையை நிறுத்தியது.
மாநகராட்சி ஆட்கள் அறுத்த இடமெல்லாம் சிவப்பாய்க் கசிந்தது.
மரத்துக்கு ரத்தம் என்று படமெடுத்துக்கொண்டிருந்தார்கள்.
நான் அடிமரத்தில் புடைத்திருந்த கழலையைப்
பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரோஸ்லியின் லோரிக்கு எண்பது வெள்ளி.
மேற்பார்வையாளருக்கு ஒரு தே தாரேக், சர்க்கரை குறைவாக.
குப்பைமேட்டுக்கான பாதையிலிருந்து
மரம் கெப்போங்குக்குத் திரும்பியது.

கியோங்கின் ஆலையில் பாதி அறுவையில்
ரம்பம் அலறி நின்றது.
ஐந்நூறு வெள்ளி பிளேடு.
அவன் திட்டிய திட்டில் மூன்று மொழி இருந்தது.
நான் கை மின்விளக்கோடு குனிந்தேன்:
ஓர் ஆணி.
அதன் தலையில் ஒட்டியபடி
விரல்நகம் அளவு தகரம்,
தகரத்தில் சிவப்பில் ஓர் ஏழு.

உடனடிக் கடன், உத்தரவாதம் வேண்டாம், அழைத்தால் போதும்.
இந்த நகரத்தில் எந்த மரத்தில்தான் அது இல்லை?
அடித்தவன் போய்விட்டான்.
மரம் நகர முடியாமல்
சுற்றிலும் சதை வளர்த்து விழுங்கியிருக்கிறது.

கலைமாறன் அண்ணன் ஒருமுறை அழைத்தான்.
மூவாயிரம் வாங்கினான்.
ஐந்தாம் மாதம் அது பதினொன்றாயிரம்,
கேட்டில் ஒரு வாளிச் சிவப்புச் சாயம்.
பெரிய ரம்பத்தை நான் விற்றது அந்த வாரம்.
அந்த ஏழு அதே ஏழா, தெரியாது.
எல்லா எண்ணிலும் எங்காவது ஓர் ஏழு இருக்கிறது.

புது பிளேடு. மிச்ச அறுவை.
இரண்டு பலகையையும் புத்தகம்போல் விரித்தேன்.
அலைக்கு எதிரே அலை, சுழிக்கு எதிரே சுழி.
வேங்கைக்கு ஒன்றுவிட்ட உறவு இந்த மரம்;
உள்ளே அந்தக் குடும்பத்து வரி.
ஆணி இருந்த இடத்தில்
இரும்பு ஊறிய கருநீலக் கறை,
இடப்பக்கம் ஒன்று
வலப்பக்கம் ஒன்று.
ஒன்றை இரண்டாக்குவது
வட்டிக்கு மட்டும் தெரிந்த வித்தை
என்றிருந்தேன்.

வெட்டுமுகத்தில் மெழுகு, நடுவில் குச்சிகள்.
பதினாறு மாதம்.
இந்த ஊரில் காற்றே பிழியாத துணி;
எது காய்கிறது என்று நம்பிக் காத்திருக்க?
ஈரமானியில் எண் இறங்கும், மழை வரும், ஏறும்.

இழைப்புளிக்கு அடங்கவில்லை.
ஒரு விரற்கடை இந்தப் பக்கம் படிந்த ரேகை
அடுத்த விரற்கடையில் எதிர்த்து எழும்பும், பிய்ந்துகொண்டு வரும்.
கடைசியில் சுரண்டுதகடுதான்,
உமிபோல் சீவல், கட்டைவிரலில் கொப்புளம்.
சீவலை மைலோ டப்பாவில் ஊறப்போட்டேன், சும்மாதான்.
தண்ணீர் வெயிலுக்கு நீலம் காட்டியது.
எனக்கு வேலை ஓடவில்லை அன்று.

அலமாரி முடிந்தது.
மூலைகளில் புறாவால் பூட்டு, ஆணி ஒன்றுகூட இல்லை.
டாக்டர் ஜஸ்விந்தர் சுற்றி வந்து பார்த்தார்.
அரக்குப் பூச்சின் கீழே
கதவு திரும்பும்போது அலை நகர்வதை
இரண்டு தடவை திறந்து மூடிச் சோதித்தார்.
பிறகு விரல் அந்தக் கறைகளில் நின்றது.

'இதற்குத் தள்ளுபடி உண்டா?'

'அதற்குத்தான் விலை, டாக்டர்.
மற்றதெல்லாம் சாலையில் கிடந்தது.'

சிரித்தார். காசோலை எழுதினார்.
ரோஸ்லி போர்வை சுற்றி ஏற்றினான்.

மாலையில் அண்ணன் வந்தான்,
புதுவீட்டுச் சுவரில் நாள்காட்டி மாட்ட
ஓர் ஆணி இருக்குமா என்று.
மேசை மேல் அது கிடந்தது, வளைந்து, கறுத்து.
எடுக்கக் கை நீட்டினான்.

'அது வேண்டாம்' என்றேன்.
'டப்பாவில் புதுசு இருக்கிறது.
இரண்டாகவே எடுத்துக்கொள்.'